லூசியா டீச்சர் எழுதிய விதி

செக்காலையில் குடியிருக்கும் லூசியா டீச்சர் பகலில் பள்ளியில் தமிழ் நடத்துகிறார். மாலையில் புது மொழிகளை உருவாக்குகிறார். கணினி விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்று, விளையாட்டில் வரும் மலைக்கூட்டத்தார் பேசுவதற்கு ஒரு மொழி கேட்டிருந்தது. லூசியா அதற்கு நாற்பத்தாறு மெய்யொலிகள் வகுத்தார். சிலவற்றை மூச்சை உள்ளிழுத்துச் சொல்ல வேண்டும், சிலவற்றைத் தொண்டையை இறுக்கி.

எந்தச் சொல்லையும் முதலில் கணவர் அமலதாஸைத்தான் சொல்லிப் பார்க்கச் சொல்வார். அமலதாஸுக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். வணக்கத்துக்கு வைத்த ‘கரூமா’ என்ற சொல்லில், “க... க...” என்று நின்றுவிட்டார்.

“விடுங்க, அந்தக் க-வை எடுத்துடுறேன்.”

அமலதாஸின் முகம் சுண்டிவிட்டது. “எனக்காக ஒ... ஒலியைக் குறைக்காத லூசி. அது அந்த மலையில உள்ளவுக பேசுற மொழி.”

லூசியாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் யோசித்து நோட்டில் ஒரு விதி எழுதினார்: மரியாதைக்குரியவரிடம் பேசும்போது சொல்லின் முதல் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்; எத்தனை தடவையோ அத்தனை மரியாதை.

படித்துவிட்டு அமலதாஸ் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப அந்த மலையில எ... என்னைய விட மரியாதை தெரிஞ்சவன் இல்லைங்கிற?”

“இல்லவே இல்ல. நீங்கதான் பேசி அனுப்பப் போறீக.”

அவர் பேசிச் செல்போனில் பதிந்த குரல் மாதிரி கம்பெனிக்குப் போனது. அடுத்த வாரமே மெயில் வந்தது. குரல் கொடுக்கும் நடிகர்களுக்கு முதல் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது இயல்பாக வரவில்லையாம். சார் இன்னும் அரைமணி நேரம் பேசி அனுப்புவாரா?

குரல் மட்டும்தான் பதிவாகும் என்று லூசியா சொல்லியும் கேட்காமல், அமலதாஸ் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.