அரை மூடி பினாயில்

அப்பா படுத்த படுக்கையான பிறகுதான் எங்கள் வீட்டில் பினாயில் அரிசி பருப்போடு சேர்ந்த சாமான் ஆனது. அதுவரை பொங்கலுக்கும், முகம் சுளிக்கக்கூடிய விருந்தாளி வரும்போதும்தான் வாங்குவோம். பக்கவாதம் அவருடைய இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு வலது கையையும் வாயையும் விட்டுவைத்தது. வாயை எதற்காக விட்டுவைத்தது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

"எம்புட்டுடா ஊத்துற?"

"ஒரு மூடிப்பா."

"ஒரு மூடியா? இதென்ன பெரியாஸ்பத்திரியா? அரை மூடி போதும்."

ஆவுடையார்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், சன்னலை ஒட்டி அவருடைய கட்டில். சிறுநீர் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. துணியை மாற்றுவது, அலசுவது, தரையைத் துடைப்பது எல்லாம் என் பொறுப்பு. மனைவி அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பவன். ஊர்க் கணக்கில், சும்மா இருப்பவன்.

அப்பாவிடம் பேச எனக்கு விஷயம் இருந்ததே இல்லை. என் படிப்பு அவருக்குப் பிடிபடவில்லை, அவருடைய வயல் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு ஐம்பது தாண்டிய பிறகு, அவர் கட்டிலில் விழுந்த பிறகு, ஒரு வழியாக ஒரு விஷயம் கிடைத்தது. சிக்கனம்.

சோப்பை வாங்கியதும் பிரித்து வெயிலில் போட்டுக் காயவைத்தால் சீக்கிரம் கரையாது என்றார். காயவைத்தேன். நூலைப் போட்டு நான்கு துண்டாக அறுத்தும் வைத்தேன். பாத்திரம் துலக்கும் பச்சை நாரைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டினேன். சோப்புத்தூள் பாக்கெட்டின் மூலையை எலி கடித்த அளவுக்குத்தான் கத்தரித்தேன். தேய்ந்துபோன சோப்புச் சில்லுகளைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிந்து, தரை தேய்க்க வைத்துக்கொண்டேன். துணி அலசிய தண்ணீரில்தான் கக்கூஸைக் கழுவினேன். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் கட்டிலருகே போய் நின்று சொல்வேன். "பரவால்லயே" என்பார். நான் படித்த புத்தகங்களில் ஆசையை அறுத்தவர்கள் ஏராளம். சோப்பை அறுத்து அப்பாவிடம் நல்ல பெயர் வாங்கியவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

"அப்பனும் மகனும் இப்புடியே போனா, பினாயில் பாட்டிலை வெறுமனே கண்ணுல காட்டுனாலே தரை சுத்தமாயிரும்போல" என்றாள் மனைவி. நாங்கள் இருவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

சித்திரை வெயிலில் ஓர் அதிசயம் நடந்தது. மாதம் முடிந்தும் பினாயில் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. துடைக்க வேண்டிய தடவைகளே குறைந்திருந்தன. உடம்பு தேறிவருகிறது என்று நினைத்தேன். பாட்டிலைக் கொண்டுபோய் அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

"இந்த மாசம் மிஞ்சிருச்சுப்பா!"

அவருக்கு வேலை செய்த பாதி முகம் சிரித்தது.

அதே சமயத்தில் சன்னலுக்கு வெளியே குப்பைமேனியும் கீழாநெல்லியும் தளதளவென்று நின்றன. கண்மாயே வெடித்துக் கிடந்த நேரம். நான் துடைத்த தண்ணீரை அந்தப் பக்கமாக ஊற்றுவதுண்டு. ஆகவே என்னுடைய பினாயில் கலவை செடியைக்கூடச் சாகடிக்காத பக்குவத்தில் இருக்கிறது என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸம்மாவிடமும் அந்த விளக்கத்தைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் அப்பாவின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. நாக்கை நீட்டச் சொன்னார். அது காய்ந்த புளியங்கொட்டைத் தோல்போல இருந்தது.

"சார், ஐயா தண்ணி குடிக்கிறாரா?"

"தம்ளர் நிறைய வச்சுட்டுத்தான் போறேன். அப்புறம் வந்து பார்த்தா காலி."

"காலியாவுறது வேற, குடிக்கிறது வேற சார்." அவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஏன் சார், அங்கிட்டெல்லாம் கருகிக் கெடக்கு, இங்கிட்டு மட்டும் எப்புடி இம்புட்டுப் பச்சை?"

நான் வாயைத் திறந்தேன். சன்னல் விளிம்பில் தம்ளரின் அடி வட்டமாக ஈரம் பதித்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸில் கொண்டுபோய், சில நாள் குளுக்கோஸ் ஏற்றி, சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இன்னொரு தடவை இப்படி வறண்டால் கிட்னி தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்தியதும் கேட்டேன். "ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

கேள்வியே புரியாதவர்போல என்னைப் பார்த்தார். "குடிச்சா போவணும். போனா நீ தொடைக்கணும். தொடைச்சா பினாயிலு ஆவும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீதானடா பாட்டிலத் தூக்கிக் காட்டுன. அது எப்புடி மிஞ்சுச்சுன்னு நெனச்ச? நீ நாரு வெட்டுனதுலயா?"



அன்று மாலையே அறந்தாங்கியிலிருந்து ஒரு பெரிய கேன் பினாயிலை மனைவி தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அதை அவர் முன்னால் வைத்து, இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, தாராளமாகக் குடியுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான், பினாயிலைக் குடிக்கச் சொல்வதுபோல அது காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கேனைப் பார்த்தார். அடுத்த நாள் முழுவதும் உதட்டை நனைத்ததோடு சரி. தாராளம் என்ற சொல் அவரைப் பயமுறுத்திவிட்டது.

"மாமா கண்ணுல அந்தக் கேனைக் காட்டாதீங்க" என்றாள் மனைவி. "அவருக்கு அரை மூடிதான் தெரியணும்."

கேன் அடுப்படிக்குப் போனது. வாளியில் வேண்டிய மட்டும் அங்கேயே ஊற்றிக்கொண்டு, கட்டிலருகே வந்து, பழைய பாட்டிலிலிருந்து அவர் பார்க்கும்படி அரை மூடி அளந்து விட்டேன்.

"என்னடா தண்ணி பாலாட்டம் வெளுத்திருக்கு?"

"புதுச் சரக்குப்பா. கொஞ்சம் விட்டாலே போதும், இப்படி ஆயிடுது."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சாப்பிடுகிறவன், அப்பனிடம் இப்படிப் புளுகினேன். அவர் வாளியை வெகுநேரம் பார்த்தார். மூக்கு விடைத்தது. நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தம்ளரை நீட்டினேன். வலது கையால் வாங்கினார். சன்னல் கதவைச் சாத்தியிருந்தேன். அதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை, புது மாப்பிள்ளைக்குப் பரிமாறும் மாமியார்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தித் தம்ளரை என்னிடம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம்ப்பா."

"போதும்" என்றார். "மிச்சத்தக் கீழ கொட்டிராத. வாளியில ஊத்திக்க."