சாயம் ஊறும் நேரம்

அழகுநிலையக்காரிக்கு அன்று வேலையில் கையே ஓடவில்லை. கடைக்குப் பின்னால் துணி காயும் அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து அவள் செய்த சைக்கடெலிக் ஆல்பத்தை வெட்டச் சொல்லிவிட்டது அதை வெளியிட இருந்த இசைக் கம்பெனி. ஒரு பகுதியின் வால் அடுத்ததன் தலைக்குள் நுழைந்து, நடுவில் நிற்காமல் ஓடும் மின்னிசை அது.

"இப்பல்லாம் யாரும்மா முழுசா கேக்கறாங்க? துண்டு போட்டுக் குடுங்க. 'தூக்கம் வர இசை'ன்னு போட்டுடலாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா விட்டுடுங்க" என்றார் கம்பெனி மேனேஜர், போனில்.

தூக்கமாம், தூக்கம்! அந்த வகை இசைக்கு விடிய விடிய ஆடிய கால் அவளுடையது. முதலில் அதைப் போதைக்காரர் சத்தம் என்று திட்டினார்கள். பிறகு உடற்பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள், அப்புறம் தியானத்துக்கு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்கு, இது மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

"வெட்டியாவது குடுத்துடேன். வெளிய வந்தாப் போதாதா?" என்றார் கல்லாவில் இருந்த கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் டீச்சரம்மா. எதைச் செய்தாலும் நொட்டை சொல்லும் வாடிக்கையாளர். தலைக்குப் பிரவுன் சாயம், நகத்துக்குப் பூச்சு. இனி அவரால் போனைத் தொட முடியாது, எழுந்து போகவும் முடியாது. யாருடையது என்று சொல்லாமல் ஆல்பத்தை ஓடவிட்டாள்.

"என்னடி இது, மிக்ஸி ஓடற மாதிரி?" என்றவர் கொஞ்ச நேரத்தில் காலாட்ட ஆரம்பித்தார்.

அலாரம் அடித்தது. "டீச்சர், ஊறிடுச்சு, அலசிடலாமா?"

"சும்மா இரு! இது எங்கயோ போயிட்டிருக்கு. முடியட்டும்."

ஒருவர் தலையிலும் சாயத்தைக் கூடுதலாக ஒரு நிமிஷம் விட்டுவைக்காதவள், அலாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கணவரும் கல்லாவை விட்டு வந்து நின்றார்.

முடிந்து அலசிப் பார்த்தால், பிரவுனைக் காணோம். அட்டக் கறுப்பு!

"ஐயோ, மன்னிச்சிடுங்க டீச்சர்..."

"கண்றாவியா இருக்கு. அது கெடக்கட்டும், யார் போட்ட பாட்டு அது?"

"நான்தான்."

டீச்சரம்மா கண்ணாடிக்குள்ளேயே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா! அட, வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

கணவர் போனை எடுத்தார். "சார், துண்டெல்லாம் எங்க கடையில கஸ்டமர் கழுத்துல போடறதோட சரி. என் பொண்டாட்டி ஆல்பம் முழுசாத்தான் வரும்."

"அவ்வளவு நேரம் யாரு சார் உக்காந்து கேப்பாங்க?"

"தலைக்கு டை போட்டவங்க கேப்பாங்க."

மேனேஜர் போனை வைத்துவிட்டார். வைத்தால் வைக்கட்டும்! அன்றைக்கே அவள் அதை முழுசாக, ஒரே பாட்டாக, தன் பெயரிலேயே இணையத்தில் ஏற்றினாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த தடவை வந்த டீச்சரம்மாவிடம், "பிரவுன்தானே?" என்று கேட்டாள்.

"கறுப்பே போடு. அதுக்குத்தான் நேரமாகும்."