கண் மஞ்சளானபோது என்னைக் குடிகாரன் என்றார்கள்

என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று போன லெந்து நோன்புக் காலத்தில் ஜெபித்தேன். அதை மறைத்தால் இது சாட்சியாகாது.

நான் பிரேசர் டவுனில் எலெக்ட்ரீஷியன். சபையில் மூப்பர். குடித்ததே இல்லை. வயிற்று வலி வந்தது. கேஸ் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இரண்டு வாரம் வேலைக்குப் போனேன். பிறகு குளிர் ஜுரம். பல் கிட்டியது. கண் மஞ்சளாயிற்று.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா ஒளிக்கவில்லை. "ஈரல்ல சீழ் கட்டியிருக்கு. குடல்ல இருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் உறைஞ்சு, அதுலயும் கிருமி ஏறியிருக்கு. ரொம்ப அபூர்வம். எங்க ஆரம்பிச்சதுன்னு இன்னும் தெரியல."

விலாவில் குழாய் போட்டார்கள். சீழ் பையில் இறங்கியது. அந்த நாற்றத்தில் என் மகளே மூக்கைப் பொத்தினாள். ஜுரம் மட்டும் இறங்கவில்லை.

நான்காம் நாள் சபையார் வந்தார்கள். ஒருவர் குனிந்து, "பிரதர், ஈரல் சும்மா கெடாது. ஒளிச்சு குடிச்சிருந்தா அறிக்கை பண்ணிடுங்க" என்றார். அவர்கள் போனதும் என் மனைவி எஸ்தர் கேட்டாள்: "என்கிட்டயாவது நிஜம் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்பு மூப்பராக நான் பார்க்கப் போன ஒக்கலிபுரத்துப் பெயிண்டர் டேனியல் நினைவுக்கு வந்தான். இதேபோல் மஞ்சள் கண்ணோடு கிடந்தவன் என் கையைப் பிடித்தான். நான் கையை உருவிக்கொண்டு, பாவத்தை அறிக்கையிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் இறந்தான்.

அப்போதுதான் சாவைக் கேட்டேன், வாய்விட்டு. எஸ்தர் கேட்டுவிட்டாள். ஆஸ்பத்திரித் தரையில் முழங்காலிட்டாள். "இயேசப்பா, இவர் குடிச்சாரோ இல்லையோ, எனக்கு இவர் வேணும்."

மறுநாள் காலை சீழைப் பரிசோதித்த ரிப்போர்ட் வந்தது. எந்தக் கிருமி என்று தெரிந்ததும் மருந்தை மாற்றினார்கள். இரண்டே நாளில் ஜுரம் விட்டது. அழுகிய அப்பெண்டிக்ஸில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதைக் கேட்டு எஸ்தர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள்.

உடம்பு தேறியதும் டேனியலின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அவர் குடிச்சாரு, நிஜம்தான். சாகப்போற மனுஷனுக்கு ஒரு ஜெபம் பண்ணியிருக்கலாம் இல்ல, அண்ணா?" கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றுவரை திறக்கவில்லை.

மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டேன். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய், கூப்பிடுகிறவர்களுக்காக ஜெபிக்கிறேன். என்ன வியாதி, எப்படி வந்தது என்று கேட்பதில்லை. சகோதரரே, சகோதரிகளே, நீங்களும் தகுதி பார்க்காமல் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். என்னையே அவர் தள்ளிவிடவில்லை.