இல்லாத இரைச்சல்

கடைவீதியில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பழைய ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் வாங்கிப் பழுது பார்த்து விற்பவர். பெட்டியைத் திறக்காமலே, ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். விற்க வந்தவனிடம், "இடது பக்கம் லேசா இரையுது, கேக்குதா?" என்பார். கேட்காவிட்டாலும் அவன் தலையாட்டுவான். காதுக்காரரே சொல்லும்போது தனக்குக் கேட்கவில்லை என்று எவன் ஒப்புக்கொள்வான்? விலை அங்கேயே கால்வாசி இறங்கிவிடும்.

அறுபதை நெருங்கும்போது காது மந்தமாகத் தொடங்கியது. ஆரம்பத்தில் அது வியாபாரத்துக்கு நல்லதாகவே போயிற்று. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள்; கொஞ்சம் கூச்சம் இருக்குமல்லவா. அவருக்கு விழாது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று வந்தவன் தானாகவே ஏற்றிக் கேட்பான். மனுஷன் அசைந்து கொடுக்கமாட்டார் என்று பேர் வேறு.

விஷயம் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். "ஆள் இருக்கும்போது கத்திப் பேசாதே" என்று மனைவிக்கு உத்தரவு. கத்தாவிட்டால் அவருக்குக் கேட்காது. அதனால் வெளியாள் வந்துவிட்டால் அவள் அவரிடம் பேசுவதே இல்லை.

காது மிஷின் வாங்கச் சொல்லி மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். இரண்டு காதிலும் போட்டால்தான் பேச்சு பிரிந்து கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பணத்தைத் தானே தருவதாக மகள் சொன்னதற்கு, "மருமகன் காசுல எனக்குக் காது வேணாம்" என்றுவிட்டார். கூடத்தில் இருபது வருஷமாகத் தனக்கென்று வைத்திருந்த ஆம்ப்ளிபயரையும் ஜோடி ஸ்பீக்கரையும் விற்பதென்று முடிவாயிற்று. ஊரார் பெட்டிக்கு நொடியில் விலை சொல்கிறவர், இதற்கு ஒரு வாரம் யோசித்தார். இரண்டு மிஷின் முப்பத்தாறாயிரம். அடித்துப் பேசுவார்கள் என்று நாலு சேர்த்து, நாற்பது.

வந்தவன் வேறு ஊரில் இதே தொழில் செய்கிறவன். நாற்பது வயதிருக்கும். செட்டை ஓடவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இருபதுக்கு முடிச்சுக்கலாமாண்ணே?"

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இருபத்தஞ்சு."

பார்த்துக்கொண்டேயிருந்தார். அவன் முப்பது வரை வந்துவிட்டான். சமையலறை வாசலில் நின்ற மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவன் அவளையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். பிறகு ஸ்பீக்கரில் காதை வைத்துவிட்டு எழுந்து, அவர் முகத்துக்கு நேராக வந்து, சத்தமாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "இடது பக்கம் இரையுதேண்ணே. கேக்குதா?"

அந்த செட் இரைந்து மனைவி கேட்டதில்லை. "ஒரு இரைச்சலும் இல்லையே தம்பி" என்றாள்.

"நம்ம காதுக்கெல்லாம் அது பிடிபடாதுக்கா. அண்ணன் காது ஊரறிஞ்சது. அவரே சொல்லட்டும்."

காதுக்காரர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். கம்பளியைப் போர்த்திய மாதிரி ஏதோ ஒரு பாட்டு. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இல்லை, இல்லை என்று அவள் வேகமாகத் தலையாட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? நிஜமாகவே இரைந்து, தான் இல்லையென்று சொல்லிவைத்தால், காதுக்காரருக்கே கேட்கவில்லை என்று இவன் பத்துக் கடையில் சொல்லமாட்டானா?

"ஆமா, லேசா இருக்கு" என்றார்.

முப்பது மறுபடியும் இருபதுக்குப் போயிற்று. சொன்ன வாயால் அவரால் மறுக்க முடியவில்லை.

பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டுப் பணத்தைக் கொடுத்தவன், வாசற்படியில் நின்று மனைவியிடம் சொன்னான். அவர் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றார். அவன் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"அண்ணனுக்கு சீக்கிரம் ஒரு மிஷின் வாங்கிப் போடுங்கக்கா. பாவம்."

"என்னவாம்?" என்பதுபோல் அவர் பார்த்தார். போய்ட்டு வரானாம் என்று அவள் கையால் காட்டினாள்.

இருபதாயிரத்தில் ஒரு காதுக்குத்தான் மிஷின் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, கத்தாமல் கேட்டாள்.

"அன்னிக்கு நிஜமாவே இரைஞ்சுதா?"

அவர் கை ஒரு நொடி நின்றது. "என்ன?" என்றார்.

"தண்ணி வேணுமான்னேன்" என்றாள், இன்னும் தாழ்ந்த குரலில்.

"வேணாம்" என்றார்.