பூனை ஏறிய தராசு

தொரசாணி என்னைத் திருடன்னு சொன்னப்ப, அடுப்புல பூனைக்கான மாட்டெறச்சி வெந்துக்கிட்டிருந்துச்சு. அகப்பையக்கூட நான் கீழ வைக்கல. "கோக்கி, பூனை சாப்பாடு நீ சாப்பிடுறது"ன்னாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல. கோவத்துல எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப்போச்சு.

இலங்கையில, அப்புத்தளைக்குக் கீழ ஒரு தேயிலைத் தோட்டத்துல, தொரை பங்களாவுல கோக்கியா, அதாவது சமையக்காரனா இருந்தவன் நான். பங்களா வேலைக்குப் போற பிள்ளைங்களுக்கு உதவும், எழுதுங்கன்னு கேட்டாங்க. நல்லதா நாலு விசயம் எழுதுங்கன்னாங்க. நல்லதா கெட்டதான்னு நீங்க பாத்துக்குங்க, நடந்தத நான் சொல்லிர்றேன். ஒண்ணு மட்டும் முதல்லயே தெரிஞ்சுக்கணும். நான் லேசுல யாரையும் நம்புற ஆள் இல்ல. பங்களாவுல சீனி கொறஞ்சாலும் கோக்கி, கரண்டி காணாமப் போனாலும் கோக்கி. அப்படிப்பட்ட எடத்துல வேலை பாக்குறவன் எல்லார் மேலயும் ஒரு கண்ணு வச்சுத்தான் ஆகணும்.

1. பிஸ்கட்டை நிறுத்தினது

பூனைக்குப் பேரு மேஜர். தொரசாணி கப்பல்ல வரும்போதே கூடக் கொண்டுவந்த செவலைக் கடுவன். வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. பங்களாச் சாப்பாடு அதக் கெடுத்துருச்சு. தொரையோட நாய்ங்களுக்கு டின்ல வர்ற பிஸ்கட்டு, மேசையில மிஞ்சுற ரொட்டி ஓரம், சாயங்காலம் கேக்கு, நடுவுல என் அடுப்படியில கருவாட்டுத் துண்டு. எல்லாமே காஞ்ச தீனி. தண்ணிப் பக்கமே தலை வைக்காது. தொப்பை தரையில ஒரசும். நாக்காலியில ஏற முடியாம கீழ நின்னு கத்தும். ஆயா லூர்தம்மாதான் இடுப்பப் புடிச்சுத் தூக்கி வைக்கணும்.

தொரையோட குதிரையப் பாக்கப் பதுளையில இருந்து ஒரு டாக்டர் வருவாரு. அவரு மேஜரப் புரட்டிப் பாத்துட்டு, இப்படியே விட்டா இது ரொம்ப நாள் தாங்காதுன்னுட்டாரு. காஞ்ச தீனி எல்லாத்தையும் நிறுத்தணும். எறச்சியோ மீனோ உப்பு, வெங்காயம் எதுவும் போடாம வேக வச்சு, முள்ளு எலும்பு எடுத்து, நல்லாப் பிச்சு, வெந்த தண்ணியோடயே கொழகொழன்னு குடுக்கணும். காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தண்ணி சேந்து போறதால வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும், ஆனா ஒடம்புல கொழுப்பு ஏறாது. இன்னொண்ணும் கண்டிப்பாச் சொன்னாரு. குண்டுப் பூனையப் பட்டினி போடவே கூடாது, மளமளன்னு எளைச்சாச் செத்துரும். வாரத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கணும், வாரா வாரம் நிறுத்துப் பாக்கணும்.

சொல்லிட்டுப் போயிட்டாரு. மேஜர் அந்தக் கிண்ணத்த மோந்து பாத்துட்டு எனக்கு முதுகக் காட்டி உக்காந்துச்சு. நானும் ஒரு வழி கண்டுபுடிச்சேன். அது உசிர விடுற பிஸ்கட்டையே தூளாக்கி, சூப்பு மேல ஒரு சிட்டிகை தூவுனேன். தூளுக்காக நக்க ஆரம்பிச்சு, அடியில கெடந்த எறச்சியையும் தின்னுச்சு. நாளுக்கு நாள் தூளக் கொறைச்சேன். அப்பறம் வெறும் சூப்பையே வழிச்சு நக்குச்சு. பங்களாவுல பூனை வளக்குறவங்க யாராச்சும் கேட்டா இதச் சொல்லிக் குடுங்க, பலிக்கும்.

2. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காவல் காத்தது

புதுச் சாப்பாடு ஆரம்பிச்ச அன்னைக்கு மேஜர பங்களா ஸ்டோர் ரூம் தராசுல நிறுத்தோம். அரிசி, மா நிறுக்குற தட்டுத் தராசு, அதுக்கு இரும்புக் கல்லுங்க உண்டு. பதினெட்டு ராத்தல் இருந்துச்சு. நாங்க பவுண்ட ராத்தல்னுதான் சொல்லுவோம். ஆனா தட்டுல அது உக்காந்தாத்தானே? லூர்தம்மா கையப் பிராண்டி ரத்தம் வர வச்சிருச்சு. கொழுந்து நிறுக்குற எடத்துக்குக் கூடையில வச்சுக் கொண்டு போங்க, தொங்குற தராசுல நிறுத்துட்டு வாங்கன்னு தொரசாணி சொல்லிட்டாங்க.

அடுத்த சனிக்கிழமை காலையில நானும் ஆயாவும் கூடையத் தூக்கிக்கிட்டுத் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்து ஃபேக்டரிக்குப் போனோம். கொழுந்து நிறுக்குற கணக்கப்புள்ள சிரிச்சுக்கிட்டே கூடைய மாட்டி, கூடைக்குக் கழிச்சு, பதினஞ்சரைன்னு சொன்னாரு. ஆயா போய் அப்படியே ஒப்பிச்சா. ஒரே வாரத்துல ரெண்டரை ராத்தல்! தொரசாணி வெளுத்துப் போயிட்டாங்க. பூனை பட்டினியில சாகுது, அதோட எறச்சி கோக்கி வயித்துக்குள்ள போகுதுன்னு முடிவு கட்டிட்டாங்க. அப்பதான் அடுப்படிக்கு வந்து அப்படிக் கேட்டாங்க. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தவணை. அதுக்குள்ள பூனைக்கு எடை ஏறலன்னா நான் வெளிய போகணும்.

பங்களாவுல திருட்டுப் பேரு வாங்கிட்டு வெளிய போறவனுக்கு ஊவா மாகாணத்துல வேற எந்த பங்களாவும் கதவத் தெறக்காது. நானும் என் பொண்டாட்டி ஞானமும் பங்களாவுக்குப் பின்னால கோக்கி அறையில குடியிருந்தோம். அவ கொழுந்து எடுக்கப் போவா. வேலை போனா அறையும் போகும்.

எனக்கு லூர்தம்மா மேலதான் சந்தேகம். கிண்ணத்த அடுப்படியில இருந்து வராந்தாவுக்கு எடுத்துட்டுப் போறது அவ. நடுவுல ஒரு நடை இருக்கு, ஒரு தூணு இருக்கு, அவளுக்கு ஒரு முந்தானை இருக்கு. அதனால கிண்ணம் போறப்ப எல்லாம் நான் சன்னல்ல நின்னு பாத்தேன். அவ என்னடான்னா நான் எறச்சி வெட்டுறப்ப எல்லாம் வாசப்படியில வந்து நின்னுக்கிட்டா. கேட்டா, சும்மா நிக்கிறேன்னா. சும்மா நிக்கிறவ எறச்சித் துண்ட எண்ணுவாளா? ஒரு வாரம் முழுக்க எங்களுக்குள்ள பேச்சு வார்த்தையே இல்ல.

சனிக்கிழமை மறுபடி நிறுத்தாங்க. பதினஞ்சேகால். ஏறியிருக்கணும், எறங்கியிருந்துச்சு.

கூடையத் தூக்கிக்கிட்டுத் பங்களாவுக்குத் திரும்பினோம். பாதி வழியில லூர்தம்மா கூடையக் கீழ வச்சுட்டா.

"அண்ணே, ஒளிக்காமச் சொல்லிர்றேன். ஒங்களைக் காவல் காக்கச் சொல்லித் தொரசாணி சொன்னாங்க. ஒரு துண்டு கொறையல. நீங்க திருடல."

நானும் அவளைக் காவல் காத்ததச் சொன்னேன். அவளும் திருடல. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மொறைச்சுக்கிட்டு இருந்ததுல, அந்தச் சாப்பாட்டுல ஒரு சொட்டு கூட எங்க கண்ணத் தப்பல. அம்புட்டும் மேஜர் வயித்துக்குள்ளதான் போயிருக்கு. கூடையத் தூக்கிப் பாத்தேன். என் கைக்குக் கனம் பெருசாக் கொறையவே இல்ல. அப்ப பொய் சொல்றது யாரு?

3. இரும்புக் கல்லு

தேயிலை ஸ்டோர் தராசு ஒசரத்துல தொங்கும். எண்ணு போட்ட முகம் கணக்கப்புள்ள பக்கம் திரும்பியிருக்கும். கொழுந்து கொண்டு வர்ற பொம்பளைங்களுக்கு அதோட முதுகுதான் தெரியும். மழை நாள்ல ஈரக் கொழுந்துன்னு தண்ணிக்குக் கழிப்பாங்க. அப்ப கச்சான் காத்து அடிச்சு மண்ணே காஞ்சு கெடந்த நேரம், கழிக்கிறதுக்குத் தண்ணியே கெடையாது. அப்படியும் கூடை எடை கொறையுது, கூலியும் கொறையுதுன்னு ஞானம் தெனமும் சாயங்காலம் பொலம்புவா. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க எல்லாரும் பொலம்புறதுதானேன்னு நான் விட்டுருவேன்.

தொரைகிட்டப் போய்ச் சொல்லலாமான்னு யோசிச்சேன். பங்களாவுக்குள்ள சொன்னது பங்களாவுக்குள்ளயே செத்துரும். அதோட, அந்தத் தராசு அப்படி இருக்குறது யாரு யாருக்குத் தெரியும்னு எனக்கென்ன தெரியும்? நான் தனியாப் போய்க் கல்ல மாட்டுனா, தராசக் கெடுத்ததே நான்தான்னு கணக்கப்புள்ள சொல்லிருவாரு.

தொரசாணிகிட்டப் போய் நின்னேன். நான் இன்னைக்கே போயிர்றேன், போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்கன்னு கேட்டேன். பங்களா ஸ்டோர் ரூம்ல இருக்குற ஏழு ராத்தல் கல்ல அவங்க கையாலயே எடுத்துட்டு வந்து, மத்தியானக் கொழுந்து நேரத்துல, அவங்க கையாலயே அந்தத் தராசுல மாட்டணும். என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. இதுலயும் ஏதோ சூது இருக்குன்னு நெனச்சிருப்பாங்க. ஆனா பூனை சாகக் கூடாதே, அதுக்காக வந்தாங்க.

பொம்பளைங்க தலையில கூடையோட வரிசையா நிக்கிறாங்க. ஞானமும் நிக்கிறா. தொரசாணி கல்லுல கயித்தக் கட்டிக் கொக்கியில மாட்டுனாங்க. கணக்கப்புள்ள மொகத்துல அந்தச் சிரிப்பு இல்ல. காத்துல முள்ளு ஆடுதும்மான்னாரு. தொரசாணி காத்து நிக்கிற வரைக்கும் நின்னாங்க. காத்து நின்னுச்சு, முள்ளும் நின்னுச்சு. ஆறுல.

அவங்க கல்லப் பாத்தாங்க, முள்ளப் பாத்தாங்க. அப்பறம் தராசப் புடிச்சு அதோட முகத்தப் பொம்பளைங்க பக்கம் திருப்புனாங்க.

"இது ஏழு. இந்தத் தராசு பொய்"ன்னாங்க.

எத்தனையோ பேருக்கு அந்த முகத்தப் பாக்குறதே அன்னைக்குத்தான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துருச்சு, வேலை தப்பிச்ச சந்தோசத்துல. ஞானம் மட்டும் முன்னால வந்து, கல்ல அவுத்து என் கையில குடுத்துட்டு, தன் கூடையக் கொக்கியில மாட்டுனா.

"இப்ப நிறுங்க, கணக்கப்புள்ளய்யா. தொரசாணி நிக்கிறப்பவே நிறுங்க."

கடைசிக் கூடை வரைக்கும் தொரசாணி அங்கயே நின்னாங்க. அன்னைக்கு ஒவ்வொரு கூடைக்கும் தராசு கொறைக்கிறதையும் கணக்கப்புள்ள சேத்துச் சொன்னாரு. அடுத்த வாரமே புதுத் தராசு வந்துச்சு. பழசுல பனி எறங்கித் துருப் புடிச்சிருச்சுன்னு ஒரு கதை சொன்னாங்க. துரு ஏன் எப்பவும் ஒரே பக்கமாத் தின்னுச்சுன்னு யாரும் கேக்கல. அதுவரைக்கும் போன கொழுந்து போனதுதான். கணக்கப்புள்ளயும் அதே எடத்துலதான் இருந்தாரு. யாருக்காக அப்படி வச்சிருந்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சந்தேகம் இருக்கு, சொல்ல மாட்டேன்.

மேஜர ஸ்டோர் ரூம் தராசுல நாலு பேரு புடிச்சு நிறுத்தோம். பதினேழே முக்கால். டாக்டர் சொன்ன மாதிரியே மெதுவா எறங்கியிருந்துச்சு. தொரசாணி எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல. "கோக்கி, மேஜருக்கு சூப் போடு"ன்னாங்க, அம்புட்டுத்தான். மழைக் காலம் வர்றதுக்குள்ள அது தானாவே நாக்காலியில தாவி ஏறுச்சு.

வேலைக்குப் போற பிள்ளைங்களே, நான் படிச்சுக்கிட்டது இதுதான். எதையும் ஒரே தராசுல நிறுத்து நம்பாதீங்க. கூட வேலை பாக்குறவங்க மேல சந்தேகம் வர்றதுக்கு முன்னால, கைக்கெட்டாத ஒசரத்துல தொங்குறது என்னன்னு அண்ணாந்து பாருங்க.

தராசுல கல்ல மாட்டுன அன்னைக்கு ராத்திரி, ஞானம் சோறு போடுறப்ப அவளுக்கும் சந்தோசமா இருக்கும்னு நெனச்சு, பாத்தியா, தராசக் கண்டுபுடிச்சிட்டேன்ல அப்படின்னேன். அவ கொழம்ப ஊத்திக்கிட்டே, என் மொகத்தப் பாக்காமச் சொன்னா:

"நான் இத்தன வருசமாச் சொன்னேன். பூனை ரெண்டு தடவை ஏறுச்சு, நம்பிட்டீங்க."