டப்பா திறக்கும் முன் ஒரு தீர்ப்பு

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்குத் தம்பிதான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். நானும் வழக்கறிஞன், திருப்பதியில் அலுவலகம் வைத்திருப்பவன், பொருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அதுதான் வம்பே. ஒரே தொழிலில் இருக்கும் தம்பிக்கு அக்காவைப் புகழ்வது லேசான வேலையா?

சித்தூர் பக்கத்துக் குடிபாலாவில், மாந்தோப்புக்குக் கூலிக்குப் போய் வந்த நைனாவுக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. தெலுங்கு வழியில் படித்து, திருப்பதியில் சட்டம் முடித்தார். சித்தூர் நீதிமன்றத்தில் ஆரம்பத்தில் அவருக்கு உட்கார நாற்காலி தர ஆளில்லை. நின்றுகொண்டே வாதங்களைக் கேட்டுத் தொழில் பழகினார். ஒற்றை அறையில் தொடங்கிய அலுவலகம், பிறகு ஒரு மாடி முழுவதும் ஜூனியர்களாக நிறைந்தது. மாம்பழக் கூழ் ஆலை முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் அங்கே ஒரே மாதிரி நாற்காலிதான். என் அலுவலக வாசலைத் தாண்டிப் போய், அக்காவைப் பார்க்கச் சித்தூர் பஸ் ஏறிய திருப்பதிக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். இன்றும் எரிகிறது.

அக்காவின் அலுவலகத்தில் சனிக்கிழமை வழக்கம் ஒன்று உண்டு. ஆளுக்கொரு புதிய தீர்ப்பைச் சொன்ன பிறகே சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம். மற்றவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் செல்லாது. புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து, மனப்பாடமாக இருந்த பிரிவு எண்களெல்லாம் மாறியபோது நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். தலை நரைத்த வயதில் அக்கா அத்தனையையும் முதலிலிருந்து படித்தார்.

சில சனிக்கிழமைகளில் நானும் போவேன். நான் ஒரு தீர்ப்பைச் சொல்ல வாய் திறந்ததுமே அக்கா, "அத்த மேல்கோர்ட்டுல ரத்து பண்ணிட்டாங்களேடா, பாக்கலியா? சரி, துன்னு" என்பார். ஜூனியர்கள் குனிந்து சிரிப்பார்கள். அக்காவுக்குத் தெரியாத தீர்ப்பு ஒன்றை ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும். எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

கடைசி நாட்களில் வேலூரில் மருத்துவமனையில் இருந்தார். கைபேசியைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதுதான் சமயம் என்று, முந்தின நாள் வந்த தீர்ப்பு ஒன்றைப் படித்துக்கொண்டு கிளம்பினேன். நோயாளியிடமா போட்டி என்று கேட்பீர்கள். அக்கா நன்றாக இருந்தபோது என்னால் ஜெயிக்க முடியவில்லையே!

கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"இத்த மேகலா காலையிலயே வந்து சொல்ட்டுப் போய்ட்டா. அடுத்தவங்க சொன்னது செல்லாது. வேற சொல்லு" என்றார்.

மேகலா, கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த ஜூனியர். வேறு தீர்ப்பு என்னிடம் இல்லை. அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசிவரை உடன் நின்ற சொந்தங்களுக்கும், நீதிமன்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அலுவலகத்தை இன்று திறம்பட நடத்தும் மேகலாவுக்கும் நன்றி. இதைப் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

இன்று படையல் முடிந்ததும், இலை போடும் முன், அக்காவின் படத்துக்கு எதிரே நின்று புதிய தீர்ப்பு ஒன்றைச் சொல்லப் போகிறேன். அதுவரை மேகலா வாய் திறக்கக் கூடாது என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.