நோவுக்குப் போட்ட குளிசை

என் கணவரின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் சண்டைக் காலத்தில் விழுந்த செல் குண்டின் சிதறல் ஒன்று இன்னும் இருக்கிறது. எடுத்தால் கால் வழங்காமல் போகலாம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். முள்ளியவளையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல். குனிந்து நிமிரும்போது இடுப்பிலிருந்து குதிக்கால்வரை மின்சாரம் அடித்ததுபோல் அவருக்கு நோகும். அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு குளிசை கொடுத்தார்கள். நல்ல மருந்துதான். அவர் விடியும்வரை நித்திரை கொண்டதைப் பார்த்து நான் கோயிலில் கற்பூரம் கொளுத்தினேன்.

பிறகு ஒன்று போதவில்லை. கிளினிக் நாளுக்கு முன்பே குளிசை முடிந்துவிடும். எங்கோ ஒரு கடையில், டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டு இல்லாமலே வாங்கத் தொடங்கினார். சாப்பிட இருந்தால் தலை தொங்கும். பேச்சுக் குழறும். கேட்டால், "நோவுக்குத்தானே போடுறன். நான் என்ன தூள் அடிக்கிறனே?" என்பார். போதைத்தூள் அடிக்கிறவர்களை ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதைச் சேர்ந்ததுதான் என்று எங்கள் இருவருக்கும் அப்போது விளங்கவில்லை.

ஒருநாள் உழுதுகொண்டிருந்த லான்ட்மாஸ்டர் மெசினை வரம்பில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார். காயமில்லை. தூக்கிவிட்ட பக்கத்து வயல்காரர், "குடிச்சிருக்கிறீரோ?" என்று கேட்டதுதான் அவரைச் சுட்டுவிட்டது. அவர் குடிப்பதே இல்லை. வீட்டுக்கு வந்து மிச்சக் குளிசைகளை எல்லாம் மலகூடத்துக்குள் கொட்டினார்.

"இனிப் போடமாட்டன்," என்றார்.

எனக்குச் சந்தோஷம். மறுநாள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. நித்திரையில்லை. விட்டால் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரிவரும் என்று நினைத்தோம். அடுத்த காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. அயலார் ஓட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அங்கிருந்து வவுனியாவுக்கு அனுப்பினார்கள்.

வவுனியாவில் அவரைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். "விட்டது நல்லது அம்மா. விட்ட விதம்தான் பிழை," என்றார். "உடம்பு அந்தக் குளிசைக்குப் பழகிப்போச்சுது. திடீரெண்டு நிப்பாட்டினால் வலிப்பு வரும். அளவுக்கு மிஞ்சிப் போட்டால் மூச்சடங்கும். சாராயமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கவேணும்."

கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டார். "அப்ப நானும் அடிமைதானோ, டொக்டர்?"

"இதுவும் நீரிழிவு மாதிரி ஒரு வருத்தம் ஐயா. வருத்தத்துக்கு ஏன் வெக்கப்படுறீங்கள்?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று தோளில் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது ஒரு கதிரையில் கொஞ்சநேரம் இருந்தால் போதும் என்றிருந்தது.

இப்போது மாதாமாதம் மாங்குளத்தில் பஸ் மாறி வவுனியாக் கிளினிக்குக்குப் போகிறோம். குளிசையை நான் அலுமாரியில் பூட்டி வைத்துக் கொடுக்கிறேன். அளவு குறைந்திருக்கிறது. இடையில் ஒருமுறை திரும்பவும் கடையில் வாங்கிப் போட்டுவிட்டு, தானே வந்து சொன்னார். நான் ஏசவில்லை. ஏசவும் உடம்பில் சத்து வேண்டும்.

நோவு போகவில்லை. முழுதாகப் போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். இந்தப் போகம் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தோம். பின்னேரங்களில், "இண்டைக்கு மட்டும் ஒண்டு கூடத் தாவனப்பா," என்று கேட்பார்.

"ஏலாது. தைலம் பூசிவிடுறன், குப்புறப் படுங்கோ."

சில நாள் முறைப்பார். பெரும்பாலும் படுப்பார். கை உளையும்வரை தேய்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டைப் பார்க்கக் குசினிக்குப் போவேன்.